20-ஆ, 30-ஆ, 40-ஆ: உங்கள் எஞ்சினுக்கு எந்த ஆயில்?

"கையேட்டில் 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கிறது. மெக்கானிக் 5டபிள்யூ-30 ஊற்றலாம் என்கிறார். கூட வேலை பார்ப்பவரோ, இரண்டுமே தண்ணி, 40 போட்டால்தான் எஞ்சின் தாங்கும் என்கிறார். எதைப் போடட்டும்?"

ஆயில் மாற்றும் நாள் நெருங்கும்போது வருகிற கேள்வி பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு எஞ்சினை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மெக்கானிக்கின் கைக்குத் தினமும் வருவது பத்து வருட வண்டிகள். நண்பர் தன்னுடைய டர்போ டீசலை நினைக்கிறார். உங்கள் எஞ்சினை நினைத்து எழுதியது கையேடு மட்டும்தான். அதனால் நான் எப்போதும் அங்கிருந்தே தொடங்குவேன். ஆனால் கையேட்டின் ஒரு வரியோடு முடித்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

## இரண்டு எண்கள் என்ன சொல்கின்றன

பாகுத்தன்மை என்பது ஆயில் ஓட எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதன் அளவு. அதை வகைப்படுத்தும் வேலையை வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு 1911-லேயே தொடங்கிவிட்டது. இன்று பாட்டிலில் பார்க்கும் எண்கள் அதன் ஜே300 தரநிலையிலிருந்து வருபவை. 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ என்றால் குளிர்காலம். முன்னால் இருக்கும் 5 கடும் குளிரில் நடக்கும் சோதனைக்கு, பின்னால் இருக்கும் 30 எஞ்சின் முழுச் சூட்டில் ஓடும்போது இருக்கும் தடிமனுக்கு. இரண்டும் தனித்தனி சோதனைகள், தனித்தனி அலகுகள்.

"குளிரில் 5 மாதிரி தண்ணியாக இருந்து, சூடானதும் 30 மாதிரி கெட்டியாகும்" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஆயிலும் சூட்டில் கெட்டியாகாது. ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலின் பாகுத்தன்மை 40 டிகிரியில் 60 சென்டிஸ்டோக்குக்கு மேல் இருக்கும். 100 டிகிரியில் 10, 11-க்கு வந்துவிடும். ஆறில் ஒரு பங்கு.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், மிச்சம் கிடக்கும் 0டபிள்யூ-20 கொஞ்சம், 20டபிள்யூ-50 கொஞ்சம், இரண்டையும் சிறிய கண்ணாடிப் புட்டிகளில் மூடி ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். நான் வைத்துப் பார்த்தேன். காலையில் சாய்த்தால் 0டபிள்யூ-20 சோம்பலாக, ஆனால் விடாமல் வழிந்து வந்தது. 20டபிள்யூ-50 புட்டியின் அடியிலேயே உட்கார்ந்துகொண்டு, யோசித்து யோசித்து, தடித்த கயிறு போல இறங்கியது. பிறகு இரண்டு புட்டிகளையும் கொதிக்கும் நிலையில் இருந்த வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்திச் சாய்த்தேன். இரண்டும் தண்ணீர் போலச் சரிந்தன. எது எது என்று புட்டியில் எழுதி வைத்திருக்காவிட்டால் எனக்கே குழம்பியிருக்கும்.

கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற வித்தியாசம் குளிரில் இருக்கிறது. எஞ்சின் ஓடுவதோ கண்ணுக்குத் தெரியாத அந்தச் சூட்டு வித்தியாசத்தில். "ஊற்றிப் பார்த்தேன், தண்ணி மாதிரி இருக்கிறது, இது எப்படி எஞ்சினைக் காப்பாற்றும்" என்று பாட்டிலைப் பார்த்து முடிவு செய்பவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

முன் எண்ணை நான் சீக்கிரம் முடித்துவிடுவேன். 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியில் ஸ்டார்ட்டர் சுழற்றக்கூடிய அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும். 5டபிள்யூ-வுக்கு அது மைனஸ் 30, 10டபிள்யூ-வுக்கு மைனஸ் 25, 15டபிள்யூ-வுக்கு மைனஸ் 20, 20டபிள்யூ-வுக்கு மைனஸ் 15. வண்டி நிற்கும் இடத்தின் மிகக் குளிர்ந்த காலையை நினைத்துப் பாருங்கள். அது உறைநிலைக்கே போகாத இடமென்றால், 0-வா 5-ஆ என்று சண்டை போட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மைனஸ் 25-க்குப் போகும் இடமென்றால் 15டபிள்யூ-வைப் பேச்சிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

## பாட்டிலில் அச்சிடாத மூன்றாவது எண்

முடிவைத் தீர்மானிக்கும் எண் ஒன்று பாட்டிலின் முன்பக்கத்தில் இருக்கவே இருக்காது. எச்டிஎச்எஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்: 150 டிகிரி சூட்டில், வேகமாக நசுக்கி இழுக்கப்படும்போது ஆயில் எவ்வளவு தடிமனை வைத்துக்கொள்கிறது என்பது. கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அதற்குள் உலோகம் உலோகத்தைத் தொடாமல் பிரித்து வைக்கும் படலத்தின் பலத்தை இந்த எண்தான் சொல்கிறது.

ஜே300 கேட்கும் குறைந்தபட்சம் இது (மில்லிபாஸ்கல்-விநாடி அலகில்): 16 கிரேடுக்கு 2.3, 20-க்கு 2.6, 30-க்கு 2.9. 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 ஆயில்களுக்கு 3.5. 15டபிள்யூ-40-க்கு 3.7. 50 கிரேடுக்கு? அதுவும் 3.7-தான். நடைமுறையில் 50 கிரேடு ஆயில்கள் இதைவிட நன்றாகவே மேலே நிற்கும். ஆனால் "50 என்றால் 40-ஐவிடக் கட்டாயம் இவ்வளவு பலம்" என்று தரநிலை எந்த உறுதியும் தரவில்லை.

இன்னொன்று, கிரேடு என்பது ஒரு புள்ளி இல்லை, ஒரு பட்டை. 100 டிகிரியில் 9.3 முதல் 12.5-க்குள் இருந்தால் 30. 12.5-ஐத் தொட்டால் 40. 12.4 இருக்கும் ஆயில் 30 என்ற பெயரிலும், 12.6 இருக்கும் ஆயில் 40 என்ற பெயரிலும் பக்கத்துப் பக்கத்தில் விற்கும்.

## எதை வைத்து எடை போடுவது

ஒப்பிடத் தொடங்கும் முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே கனம் கிடையாது. எனக்கு முக்கியமானவை முதலில்.

எஞ்சினின் வடிவமைப்பு. பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப்பின் கொள்ளளவு, ஆயில் அழுத்தத்தால் இயங்கும் பாகங்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட தடிமனை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. வால்வு டைமிங்கை மாற்றும் கேம் பேசர், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் மூன்றும் ஆயிலைத் தசை போலப் பயன்படுத்துகின்றன. ஆயில் அவற்றுக்கு உயவு மட்டுமல்ல, கட்டளையும்கூட.

நீங்கள் கொடுக்கும் சூடும் சுமையும். டிரெய்லர் இழுப்பது, நீண்ட மலையேற்றம், முழு லோடில் நெடுஞ்சாலை, வெயிலில் மணிக்கணக்கில் ஐட்லிங்.

ஆயில் அந்தத் தடிமனிலேயே எவ்வளவு நாள் நிற்கும். புதிதாக ஊற்றும்போது 30 ஆக இருந்தது ஐயாயிரம் கிலோமீட்டர் கழித்தும் 30 ஆகவே இருக்க வேண்டியதில்லை. தடிமனைச் சூட்டில் பிடித்து வைக்கச் சேர்க்கும் பாலிமர்கள் பற்சக்கரங்களுக்கு இடையில் மாட்டி அறுந்துபோகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். சில சதவீதம் கலந்தாலே ஒரு கிரேடு கீழே போய்விடும்.

புகை சுத்திகரிப்புக் கருவி (கேட்டலிடிக் கன்வர்ட்டர், டீசல் துகள் வடிகட்டி). இது பாகுத்தன்மை சம்பந்தப்பட்டதே இல்லை. ஆனால் தவறான பாட்டிலை எடுத்தால் வருகிற மிகப் பெரிய செலவு இங்கேதான் இருக்கிறது.

எரிபொருள் சிக்கனம், குளிர் காலை, வாரன்டி மூன்றும் இவற்றுக்குப் பிறகு வருபவை.

| கிரேடு | 100 டிகிரியில் தடிமன் (சென்டிஸ்டோக்) | எச்டிஎச்எஸ் குறைந்தபட்சம் | யாருக்குப் பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| 0டபிள்யூ-16 | 6.1 முதல் 8.2-க்குள் | 2.3 | அதற்கென்றே செய்த எஞ்சின் | வேறு எஞ்சினில் ஊற்றினால் பேரிங் தேய்மானம் |
| 0டபிள்யூ-20, 5டபிள்யூ-20 | 6.9 முதல் 9.3-க்குள் | 2.6 | புதிய பெட்ரோல் எஞ்சின்கள் | பெட்ரோல் கலந்தால் தாங்கும் இருப்பு குறைவு |
| 0டபிள்யூ-30, 5டபிள்யூ-30 | 9.3 முதல் 12.5-க்குள் | 2.9 | மிகப் பரவலான எஞ்சின்கள் | ஒரே பெயரில் இரண்டு வகை. மாற்றி எடுத்தால் சிக்கல் |
| 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 | 12.5 முதல் 16.3-க்குள் | 3.5 | டர்போ, அதிகச் சுமை, அனுமதி உள்ள பழைய எஞ்சின் | எரிபொருள் கொஞ்சம் கூடும் |
| 15டபிள்யூ-40 | 12.5 முதல் 16.3-க்குள் | 3.7 | பழைய, கனரக டீசல் | பெட்ரோல் வண்டியின் கேட்டலிடிக் கன்வர்ட்டர் |
| 20டபிள்யூ-50 | 16.3 முதல் 21.9-க்குள் | 3.7 | இடைவெளி அதிகம் வைத்துச் செய்த பழைய எஞ்சின் | ஆயில் மேலே ஏறத் தாமதம், டைமிங் கோளாறு |

## 0டபிள்யூ-20: தண்ணி என்ற பழி

இந்த ஆயிலுக்கு எதிரான வாதம் எப்போதும் ஒன்றுதான்: படலம் மெல்லியது, அதனால் தேய்மானம் கூடும். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி எஞ்சினைப் பொறுத்தது. 20-க்கென்று வடிவமைத்தவர்கள் பேரிங்கின் பரப்பை அகலமாக்கி, உலோகப் பரப்பை இன்னும் வழவழப்பாக்கி, பிஸ்டனுக்கு உராய்வு குறைக்கும் பூச்சு கொடுத்து அந்த மெல்லிய படலத்துக்கு ஈடு செய்கிறார்கள். படலம் கிழியும் நேரங்களுக்கு, அதாவது ஸ்டார்ட் செய்யும் முதல் சுற்றுகளுக்கு, ஆயிலில் கரைந்திருக்கும் துத்தநாக, மாலிப்டினச் சேர்மங்கள் உலோகத்தின் மேல் தாமே ஒரு பூச்சு போட்டுக் காக்கின்றன.

கிடைப்பது என்ன? 30-லிருந்து 20-க்கு வந்தால் எரிபொருளில் ஓரிரு சதவீதம் மிஞ்சும், அவ்வளவுதான். குறுகிய தூரம் ஓட்டுபவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் ரேடியேட்டர் தண்ணீர் சூடான பிறகும் ஆயில் சூடாகப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதுவரை எஞ்சின் கெட்டி ஆயிலைக் கடைந்துகொண்டே ஓடுகிறது. ஹைப்ரிட் வண்டியில் எஞ்சின் நின்று நின்று ஓடுவதால் ஆயில் முழுச் சூட்டுக்குப் போவதே அரிது. அங்கே 40 ஊற்றுவது கால் முழுக்கச் சேற்றோடு ஓடச் சொல்வது போலத்தான்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்க மாட்டேன். ஒரே எஞ்சின், ஒரு நாட்டுக் கையேட்டில் 0டபிள்யூ-20 மட்டும். வேறொரு நாட்டுக் கையேட்டில் 20 முதல் 40 வரை ஒரு பட்டியல். இதைப் பார்த்துக் குழம்பி எழுதியவர்கள் உண்டு. எஞ்சின் மாறவில்லை, விதி மாறுகிறது. அமெரிக்காவில் எரிபொருள் சிக்கனச் சோதனையை எந்த ஆயிலில் நடத்தினார்களோ அதையே வாங்குபவருக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. 20 போதும் என்பது உண்மை; 20 மட்டும்தான் என்பதில் இப்படிக் கொஞ்சம் கணக்கும் கலந்திருக்கிறது. அதிவேகத்திலும் கடும் சுமையிலும் ஓட்டுபவருக்குக் கொஞ்சம் தடித்த ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று சில கையேடுகளே சிறிய எழுத்தில் சொல்லிவிடுகின்றன. அந்தச் சிறிய எழுத்தைத் தேடிப் படியுங்கள். கையேட்டின் முதல் வரியோடு முடித்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னது இதனால்தான்.

20-இல் நான் உண்மையாகவே யோசிப்பது ஒரே ஒரு இடத்தில்: நேரடி ஊசி பாய்ச்சும் சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின், தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டம். அங்கே பெட்ரோல் ஆயிலில் சேர்ந்துகொண்டே இருக்கும், ஆவியாக நேரம் கிடைக்காது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும், அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். 20 கிரேடில் இறங்குவதற்கு இடம் குறைவு. இந்த ஓட்டத்துக்குக் கையேடு அனுமதித்தால் 30 நல்லது. அனுமதிக்காவிட்டால் ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் இன்னும் நல்லது.

0டபிள்யூ-16 பற்றி இரண்டே வரி. 2020-இல் வந்த இல்சாக் (அமெரிக்க, ஜப்பானிய கார் தயாரிப்பாளர்களின் ஆயில் தரக் குழு) ஜிஎஃப்-6 தரம் இதற்காகவே 'பி' என்று தனிப் பிரிவு வைத்தது. பழைய எஞ்சின்களுக்கு இது பின்னோக்கிப் பொருந்தாது. கையேடு கேட்டால் மட்டும் ஊற்றுங்கள்.

## 5டபிள்யூ-30: பெயர் ஒன்று, ஆள் இரண்டு

நடுவில் இருக்கிறது, பாதுகாப்பானது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கப்படும் கிரேடு இதுதான். அதனாலேயே அதிகம் தவறு நடப்பதும் இதில்தான்.

5டபிள்யூ-30 என்ற ஒரே பெயரில் இரண்டு குணமுள்ள ஆயில்கள் இருக்கின்றன. ஒன்று எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்தது: இல்சாக் தரமோ, ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏ-வின் ஏ5/பி5 தரமோ இருக்கும், எச்டிஎச்எஸ் 2.9-க்கும் 3.5-க்கும் நடுவில். இன்னொன்று ஏசிஇஏ சி3: பெயர் அதே 5டபிள்யூ-30, ஆனால் எச்டிஎச்எஸ் 3.5-க்குக் குறையக் கூடாது. அதாவது பேரிங்குக்குள் அது கிட்டத்தட்ட 40 கிரேடு மாதிரி நடந்துகொள்ளும்.

"30 போடவா 40 போடவா" என்று இரண்டு பேர் மணிக்கணக்கில் வாதாடும்போது, ஒருவர் கையில் சி3 வகை 30-உம் மற்றவர் கையில் இளக்கமான 40-உம் இருந்தால், இருவரும் ஏறக்குறைய ஒரே படலத்தைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள்.

தவறு நடப்பது எதிர்த் திசையில். சி3 கேட்கும் டர்போ டீசலில், கிரேடு சரியாக இருக்கிறதே என்று சிக்கன வகை 5டபிள்யூ-30 ஊற்றுகிறார்கள். இரண்டு அடி விழுகிறது. முதலில், எதிர்பார்த்த படலம் இல்லை. அடுத்தது, சாம்பல். ஆயிலில் இருக்கும் கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் எரிந்தால் சாம்பலாகும். டீசல் துகள் வடிகட்டியில் சேரும் கரியை வண்டி அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். சாம்பலை எரிக்க முடியாது, அது அங்கேயே தங்கி வடிகட்டியை அடைக்கும். சி பிரிவு ஆயில்கள் சாம்பல் குறைவாகச் செய்யப்பட்டவை. இரண்டு ஆயிலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும், ஒரு வடிகட்டியின் விலையையும் விசாரித்துப் பார்த்தவர்கள் இந்தத் தவறை இரண்டாவது தடவை செய்வதில்லை.

டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் நனைந்து ஓடும் எஞ்சின்களும் இருக்கின்றன. அங்கே தவறான ஆயில் பெல்ட்டின் ரப்பரையே கெடுத்து, உதிர்ந்த துணுக்குகள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். அப்படிப்பட்ட எஞ்சினுக்குக் கிரேடு இரண்டாம் பட்சம், தயாரிப்பாளர் சொன்ன தர எண்தான் முதல்.

சாதாரணப் பெட்ரோல் எஞ்சின், டர்போ இல்லை, கையேடு 20-உம் 30-உம் சரி என்கிறது, நெடுஞ்சாலையும் நகரமும் கலந்த ஓட்டம் என்றால் நான் 5டபிள்யூ-30 எடுப்பேன். எரிபொருளில் இழப்பது சொற்பம். 0டபிள்யூ-30 கிடைத்தால் இன்னும் நல்லது. குளிருக்காக இல்லை, 0டபிள்யூ சோதனையைத் தாண்ட நல்ல தரமான அடிப்படை ஆயில் தேவைப்படும் என்பதற்காக.

## 40: எப்போது உண்மையிலேயே தேவை

மலையேற்றத்தில் டிரெய்லர் இழுக்கும் வண்டியின் ஆயில் 130 டிகிரியைத் தாண்டலாம். அங்கே 30 ஆயில், 100 டிகிரியில் 20 இருப்பதைவிடவும் மெலிந்துபோயிருக்கும். 40 தன் சம்பளத்தைச் சம்பாதிப்பது இந்த இடத்தில்தான். டர்போ எஞ்சினை அடிக்கடி முழு மூச்சில் ஓட்டுபவர், கையேட்டில் 40-க்கு அனுமதி உள்ளவர், தயங்க வேண்டாம்.

5டபிள்யூ-40-ஆ, 10டபிள்யூ-40-ஆ என்பதில் வேடிக்கையான ஒரு முடிச்சு இருக்கிறது. இரண்டு எண்களுக்கு நடுவே தூரம் குறையக் குறைய, அதைப் பிடித்து வைக்கும் பாலிமரும் குறைவாகத் தேவைப்படும்; அறுந்துபோக அதிகம் இருக்காது. அந்தக் கணக்கில் 10டபிள்யூ-40 ஜெயிக்க வேண்டும். ஆனால் 10டபிள்யூ-40 என்ற பெயரில் விற்பவற்றில் நிறைய, மலிவான அடிப்படை ஆயிலில் செய்தவை. பாலிமர் குறைவாக இருந்தும் சூட்டில் சீக்கிரம் களைத்துப் போகும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. நல்ல தரச் சான்றுள்ள 5டபிள்யூ-40 பெரும்பாலும் மேல்.

15டபிள்யூ-40 பழைய டீசல்களின் ஆயில். கரியைச் சுமந்து வைத்துக்கொள்ளும் திறன் அதற்கு அதிகம், அதற்காகவே செய்யப்பட்டது. வீட்டில் டீசல் வண்டிக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று பெட்ரோல் காரில் ஊற்றாதீர்கள். கனரக டீசல் ஆயில்களில் பாஸ்பரஸ் கூடுதலாக இருக்கும். எரிந்து போகும் ஒவ்வொரு துளியோடும் அது கேட்டலிடிக் கன்வர்ட்டரில் படிந்து அதை மந்தமாக்கும்.

## 20டபிள்யூ-50: சத்தம் அடங்கினால் போதுமா

இந்தக் கிரேடு தேவைப்படும் எஞ்சின்கள் உண்டு. பேரிங் இடைவெளியைத் தாராளமாக வைத்துச் செய்த பழைய எஞ்சின்கள், காற்றால் குளிரும் எஞ்சின்கள், சில பந்தய எஞ்சின்கள். பிரச்சினை, இது அங்கே நிற்பதில்லை. "வண்டிக்கு வயசாகிவிட்டது, திக்காகப் போடுவோம்" என்ற பேச்சோடு எல்லா எஞ்சினுக்குள்ளும் வந்துவிடுகிறது.

நானும் ஒரு தடவை தலையாட்டியிருக்கிறேன். கையேடு 5டபிள்யூ-30 கேட்ட பெட்ரோல் கார், ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டி மேலே லேசான டேப்பெட் சத்தம். 20டபிள்யூ-50 ஊற்றினார்கள். சத்தம் அடங்கியது, எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு வாரம் கழித்து ஒரு குளிர்ந்த காலை, சாவியைத் திருப்பியதும் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம், நான்கைந்து விநாடி. பிறகு அமைதி. மறுநாளும் அதே. மூன்றாவது வாரம் எஞ்சின் விளக்கு எரிந்தது; ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் கேம் டைமிங் சொன்ன இடத்துக்கு வரவில்லை என்ற பிழைக் குறியீடு. கெட்டி ஆயில் அந்தக் குறுகலான வழிகளில் நேரத்துக்குள் போய்ச் சேரவில்லை. ஆயிலை இறக்கி 5டபிள்யூ-30 ஊற்றி, குறியீட்டை அழித்ததும் இரண்டும் போய்விட்டன. டேப்பெட் சத்தம் திரும்பி வந்தது. அதற்குக் காரணம் வால்வு இடைவெளி. ஒரு மதிய நேர வேலையில் சரிசெய்தாகிவிட்டது.

ஆயில் பிரஷர் காட்டும் முள்ளும் இதே மாதிரி ஏமாற்றும். கெட்டி ஆயில் போட்டால் முள் ஏறும், பார்க்க நிம்மதியாக இருக்கும். முள் காட்டுவது எதிர்ப்பை, ஓட்டத்தை இல்லை. பிரஷர் வரம்பைத் தாண்டினால் ரிலீஃப் வால்வு திறந்து, பம்ப் தள்ளிய ஆயிலில் ஒரு பகுதியை பேரிங்குக்குப் போகவிடாமல் கீழே திருப்பி அனுப்பிவிடும்.

## ஆயில் குடிக்கும் வண்டிக்கு

கெட்டியாகப் போடச் சொல்லும் இன்னொரு காரணம் இது. முதலில் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, மேல் கோடு வரை நிரப்பி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி அதே இடத்தில் மறுபடி பார்ப்பது. பல கார்களில் டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருப்பது சுமார் ஒரு லிட்டர். கண்மதிப்பே போதும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை, அப்புறம் ஒன்றுமில்லை என்றால் வால்வு சீல் மீது சந்தேகப்படலாம். அழுத்தி ஓட்டும்போதெல்லாம் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங். இதற்கு முன், மலிவான ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: எஞ்சினின் உள்வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தாலும் ஆயில் குறையும்.

கரி படிந்து ஒட்டிக்கொண்ட ஆயில் ரிங்குக்குக் கெட்டி ஆயில் மருந்தாகாது. அந்த ரிங்கின் துளைகள் வழியாக ஆயில் திரும்பி வடிய வேண்டும். அடைபட்ட துளையில் கெட்டி ஆயில் இன்னும் மெதுவாக வடியும். நிஜமாகவே தேய்ந்துபோன எஞ்சினில் ஒரு படி மேலே, 30-லிருந்து 40-க்கு, கையேட்டின் பட்டியலுக்குள் போவது நியாயம். குடிப்பது குறையும், ரிங் வேலையைச் சில காலம் தள்ளிப்போடலாம். இரண்டு படி தாண்டாதீர்கள்.

## பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

பெரிய எழுத்தில் இருக்கும் 5டபிள்யூ-30-ஐ விட்டுவிட்டுப் பின்பக்கத்துக்குப் போங்கள். கையேடு ஒரு தர எண்ணைக் கேட்டிருந்தால் (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3, அல்லது கார் தயாரிப்பாளரின் சொந்த எண்) அது அங்கே அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். "பொருந்தும்" என்பதும் "அங்கீகரிக்கப்பட்டது" என்பதும் ஒன்றில்லை: முதலாவது விற்பவரின் சொந்த வாக்கு, இரண்டாவது கார் தயாரிப்பாளர் சோதித்துக் கொடுத்த சான்று. வாரன்டிக் காலத்தில் இருக்கும் வண்டிக்கு இரண்டாவதை எடுத்து, ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

தரம் பொருந்துவது முதல் சல்லடை, கையேடு அனுமதிக்கும் கிரேடுகள் இரண்டாவது. இரண்டையும் தாண்டியவற்றுக்குள்தான் உங்கள் ஓட்டத்தைப் பார்த்து 20, 30, 40 என்று தேர்வு.

முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். அதைக் கேட்டவரின் வண்டி டர்போ இல்லாத பெட்ரோல், நான்கு வருடம், தினமும் இருபது கிலோமீட்டர், கையேட்டின் உட்பக்கத்தில் 5டபிள்யூ-30-க்கும் அனுமதி இருக்கிறது. 0டபிள்யூ-20-ஐயே தொடரலாம்; மெக்கானிக் சொன்ன 30-உம் எந்தக் கெடுதலும் செய்யாது; நண்பரின் 40 வேண்டாம். நெடும்பயணத்தில் நடுவழியில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கி, கையில் கிடைத்தது 5டபிள்யூ-40 மட்டும்தான் என்றால், அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு போகலாம். கார் எஞ்சின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. பம்ப் காற்றை உறிஞ்சும் அளவுக்கு ஆயில் குறைந்த எஞ்சினை எந்தக் கிரேடும் காப்பாற்றாது.